காற்றால் குளிரும் பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினில் சத்தம்: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறியும் முறை

காற்றால் குளிரும் எஞ்சின் புதிதாக இருக்கும்போதே ஓசை எழுப்பும் இயல்புடையது. சிலிண்டரைச் சுற்றி நீர் உறை இல்லாததால் உள்ளே எழும் ஒலியைத் தணிக்க எதுவும் இல்லை; மெல்லிய ஃபின்கள் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) அந்த ஒலியை வாங்கித் தாமும் அதிர்ந்து வெளியே அனுப்புகின்றன. வெப்பநிலை பெரிதும் ஏறி இறங்கும் என்பதால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விடப்படும் இடைவெளியும், நீரால் குளிரும் எஞ்சினில் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். எனவே பழைய வண்டியில் சத்தம் கேட்கிறது என்பதை மட்டும் பழுதுக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. முன்பு இல்லாத சத்தம் புதிதாக எழுகிறதா, பழகிய சத்தம் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகிறதா என்பவையே கவனிக்க வேண்டியவை.

பெரும்பாலோர் சத்தம் எப்படி இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். ஒருவருக்கு ‘டக் டக்’ என்று கேட்பது இன்னொருவருக்குக் ‘கட கட’ என்று கேட்கும். அலுமினிய உடல் ஒலியை எல்லாத் திசைகளுக்கும் கடத்துவதால், அடியில் எழும் தட்டல் தலைப்பகுதியில் எழுவதுபோலத் தோன்றுவதும் உண்டு. நம்பத்தக்க தடயம், சத்தம் எப்போது வருகிறது, எதைச் செய்தால் மறைகிறது என்பதுதான். குளிர்ந்த நிலையிலா, சூடேறிய பிறகா. ஐடிலிங்கிலா, மேட்டில் ஏறும்போதா. ஆக்சிலரேட்டரைத் திருகும்போதா, விடும்போதா. கிளட்ச் லீவரைப் பிடித்தால் மாறுகிறதா, மாறவில்லையா என்ற இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக்கொண்ட பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

இவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டிய இன்னொரு கேள்வி, தட்டலின் வேகம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) இரண்டு சுற்றுச் சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுத்தான் சுற்றும். ஐடிலிங் வேகம் நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் கிராங்க் நொடிக்கு 20 முறையும், ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 10 முறையும் இயங்கும். காதால் எண்ண முடியாது என்றாலும், பழகிய காது இந்த இரண்டு வேகங்களையும் பிரித்தறிந்துவிடும். டைமிங் லைட் (தீப்பொறி எழும்போதெல்லாம் மின்னும் விளக்கு) இருந்தால் அதன் மின்னலோடு தட்டலை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் பல பழைய வண்டிகளில் ஒவ்வொரு கிராங்க் சுற்றுக்கும் ஒரு தீப்பொறி உண்டாகும் என்பதால், உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்த பிறகே அந்த ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு.

எதையும் கழற்றுவதற்கு முன்

முதலில் ஆயில். அளவு குறைந்திருந்தாலும், தரம் மாறியிருந்தாலும், நாள்பட்டு நீர்த்திருந்தாலும் எஞ்சினின் எல்லாப் பாகங்களும் ஒரே நேரத்தில் சத்தமிடும். பெட்ரோல் டேப் சரியாக அடைக்காமல், கார்புரேட்டரின் மிதவை ஊசியும் தேய்ந்திருந்தால், வண்டி நிற்கும்போதே பெட்ரோல் கசிந்து ஆயிலில் கலந்துவிடும். ஆயில் அளவு தானாகக் கூடியிருந்து பெட்ரோல் வாடையும் அடித்தால் இதுவே காரணம். கசிவை நிறுத்தி, ஆயிலை மாற்றி, அதன் பிறகு கேட்கும் சத்தத்தைத்தான் ஆராய வேண்டும்.

அடுத்து, எஞ்சினுக்கு வெளியே உள்ளவை. எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள், தலைப்பகுதியைத் தாங்கும் பட்டை, சைலன்சர் கிளாம்ப், வெப்பத் தடுப்புத் தகடு, செயின் கவர், ஸ்டாண்டு ஸ்பிரிங் ஆகிய ஒவ்வொன்றையும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் எழுந்து அதற்கு மேலும் கீழும் மறைந்துவிடும் சத்தம் பெரும்பாலும் இத்தகைய அதிர்வுதான். ஃபின்களுக்கு இடையே ரப்பர் துண்டுகள் செருகப்பட்டிருந்த எஞ்சின்களில் அவை காய்ந்து உதிர்ந்திருந்தால் கணீரென்ற ஒலி எழும். பலர் இதைக் கேட்டு டேப்பெட்டை (வால்வின் இடைவெளியைச் சரிசெய்யும் இடத்தை)த் திருகத் தொடங்குகிறார்கள்.

சத்தத்தின் இடத்தை நெருங்க, நீண்ட ஸ்குரூடிரைவரோ மரக்கோலோ போதும். நுனியை எஞ்சின் உடலில் அழுத்தி, மறு முனையைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் வைத்துக் கேட்க வேண்டும். சத்தம் உரத்துக் கேட்கும் இடத்தைவிடக் கூர்மையாகக் கேட்கும் இடமே மூலத்துக்கு அருகில் இருக்கும். தொங்கும் துணியும் அவிழ்ந்த கூந்தலும் சுழலும் பாகங்களுக்கு அருகில் போகக் கூடாது. மூடிய அறையில் எஞ்சினை ஓடவிடவும் கூடாது. காற்றால் குளிரும் எஞ்சின் ஓட்டத்தில் வரும் காற்றை நம்பியிருப்பதால், நின்ற இடத்தில் நெடுநேரம் சோதிக்க வேண்டியிருந்தால் முன்னால் ஒரு மின்விசிறியை வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் சோதனையே புதிய சத்தத்தை உண்டாக்கும்.

தலைப்பகுதியில் சீரான, மெல்லிய தட்டல்

கிராங்கின் பாதி வேகத்தில், சூட்டிலும் குளிரிலும் ஒரே மாதிரி வரும் தட்டலுக்கு முதல் சந்தேகம் டேப்பெட் இடைவெளி. இரண்டாவது சந்தேகம் பெண்ட் பைப் (புகை வெளியேறும் வளைகுழாய்) சிலிண்டரோடு சேரும் இடத்தில் உள்ள கசிவு. இரண்டும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றாகவே கேட்கும் என்பதால், எளிதான கசிவை முதலில் சோதித்து ஒதுக்கிவிட வேண்டும். குளிர்ந்த எஞ்சினை ஓட்டி, தடித்த துணியால் சைலன்சர் வாயைச் சில நொடிகள் பாதி அடைத்தால், கசிவு இருக்கும் இடத்தில் ‘சட் சட்’ என்ற ஒலி கூடும்; டேப்பெட் சத்தம் மாறாது. மூட்டில் கரும்புகைப் படிவு தெரிந்தால் வேறு சான்று தேவையில்லை, பேக்கிங்கை மாற்றிவிடலாம். ஸ்பார்க் பிளக் சரியாக இறுகாமல் இருந்தாலும் இதே போன்ற தட்டல் வரும். பிளக்கின் அடியில் ஈரக் கறை தென்படும்.

கசிவு இல்லை என்று உறுதியானால் இடைவெளியை அளக்கலாம். எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும்; இரவு முழுவதும் நின்ற வண்டியே இதற்கு ஏற்றது. பிஸ்டன், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் முடிவில் உச்சியில் நிற்க, இரண்டு ராக்கர்களும் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் நெம்புகோல்கள்) தளர்ந்திருக்கும் நிலையில், ஃபீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகட்டை) ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே செலுத்த வேண்டும். அளவை அந்தந்த வண்டியின் கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும், ஏனெனில் எஞ்சினுக்கு எஞ்சின் அது மாறும். 1969இல் வந்த ஹோண்டா சிபி750இல் இன்லெட்டுக்கு 0.05 மி.மீ., எக்சாஸ்டுக்கு 0.08 மி.மீ.; புஷ்ராடு (கேமின் அசைவை ராக்கருக்கு ஏற்றும் கோல்) வைத்த பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட்டிலோ இடைவெளியே விடாமல், புஷ்ராடு விரலால் தடையின்றிச் சுழலும் அளவுக்கு மட்டும் சரிசெய்வார்கள். ஒன்றின் அளவை இன்னொன்றில் வைத்தால் சத்தமும் போகாது, வால்வும் கெடும்.

சத்தத்தை அடக்குவதற்காக இடைவெளியை அளவுக்குக் கீழே குறைப்பதுதான் பழைய வண்டிகளில் அடிக்கடி நடக்கும் தீங்கு. இறுக்கமாக வைத்த டேப்பெட் அமைதியாகவே இருக்கும். ஆனால் வால்வு தன் இருக்கையில் முழுதாக அமராமல், தன் சூட்டைத் தலைப்பகுதிக்கு இறக்க முடியாமல், விளிம்பு எரிந்துபோகும். எக்சாஸ்ட் வால்வுதான் முதலில் பலியாகும். சற்றே தட்டும் டேப்பெட்டை விட்டுவைப்பதில் அவ்வளவு ஆபத்து இல்லை. பேசாத டேப்பெட்டைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் தட்டல் போகவில்லை என்றால், ராக்கரின் நுனியைப் பார்க்க வேண்டும். நெடுநாள் உழைத்த ராக்கர் வால்வுத் தண்டைத் தொடும் இடத்தில் சிறு குழி விழுந்திருக்கும். தட்டையான ஃபீலர் கேஜ் அந்தக் குழியின் மேல் பாலம்போல நின்று, உண்மையைவிடக் குறைந்த இடைவெளியைக் காட்டும். ராக்கர் ஷாஃப்ட்டில் தேய்மானம் இருந்தால் ராக்கரைக் கையால் மேலும் கீழும் அசைக்கும்போதே தெரியும். கேமின் முகட்டில் தோல் உரிந்ததுபோன்ற பள்ளங்கள் இருந்தால் சரிசெய்வதற்கு ஒன்றும் இல்லை, மாற்றத்தான் வேண்டும். அதோடு தலைப்பகுதிக்கு ஆயில் ஏறும் வழி அடைபட்டிருக்கிறதா என்பதையும் பார்க்காவிட்டால் புதிய கேமும் அதே வழியில்தான் போகும்.

குளிரில் வந்து, சூடேறியதும் மறையும் தட்டல்

காலையில் முதல் சில நிமிடங்கள் உள்ளீடற்ற, மந்தமான தட்டல் கேட்டு, எஞ்சின் சூடேறியதும் அடங்கிப்போனால் அது பிஸ்டன் பக்கவாட்டில் சாய்ந்து சிலிண்டர் சுவரில் மோதும் ஒலி. இதன் காரணம் உலோகங்களின் இயல்பிலேயே இருக்கிறது. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம், வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 70 மி.மீ. விட்டமுள்ள அலுமினியப் பிஸ்டனும் அதன் வார்ப்பிரும்புச் சிலிண்டரும் 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால், இடைவெளி சுமார் 0.08 மி.மீ. சுருங்கும். அவ்வளவையும் குளிர்ந்த நிலையிலேயே முன்கூட்டி விட்டுவைத்திருப்பதால், குளிரில் பிஸ்டன் ஆடுவது தவிர்க்க முடியாதது.

ஆகவே சூட்டில் முழுதாக மறையும் தட்டலுக்காக எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. மறைவதற்கு எடுக்கும் நேரம் நாளுக்கு நாள் நீள்கிறதா, சூடான பிறகும் இழுவையில் (எஞ்சின் சுமையோடு ஓடும்போது) மிச்சம் இருக்கிறதா, ஆயில் குறைகிறதா, சைலன்சரில் நீலப்புகை வருகிறதா என்பவற்றைக் கவனித்தால் போதும். சந்தேகம் இருந்தால், பிளக்கைக் கழற்றிச் சில மி.லி. கெட்டியான ஆயிலை உள்ளே விட்டு, எஞ்சினை இரண்டு மூன்று முறை உதைத்துச் சுற்றவிட்டு, பிளக்கை மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். ஆயில் படலம் இருக்கும் சில நொடிகளுக்குத் தட்டல் தணிந்து, அது எரிந்து முடிந்ததும் திரும்பினால், பிஸ்டனும் போரும் (சிலிண்டரின் உட்துளையும்)தான் காரணம். பிறகு போரை அளந்து, அடுத்த அளவுப் பிஸ்டனுக்குப் போர் கடையலாமா என்று முடிவெடுக்கலாம். குளிர்ந்த எஞ்சினை உடனே முறுக்காமல் மென்மையாக ஓட்டினால் இந்த முடிவைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடவும் முடியும்.

ஆக்சிலரேட்டரை விடும்போது சலசலப்பு

ஐடிலிங்கில் ஒழுங்கற்ற சலசலப்பும், வேகம் இறங்கும்போது உலோகச் சங்கிலி சுவரில் உரசுவது போன்ற ஒலியும் வந்தால், டைமிங் செயின் (கிராங்கிலிருந்து கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றும் சங்கிலி) தளர்ந்திருக்கிறது. கேட்கும் கோலைச் செயின் ஓடும் பக்கச் சுவரில் வைத்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். கையால் சரிசெய்யும் டென்ஷனர் (செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) என்றால் கையேட்டில் சொன்னபடி பூட்டுப் போல்ட்டைத் தளர்த்தி, ஸ்பிரிங் தன் இடத்துக்கு வந்த பிறகு இறுக்க வேண்டும். தானியங்கி டென்ஷனர் ஒரே திசையில் மட்டும் முன்னேறும் பல் அமைப்புக் கொண்டது; அதன் போல்ட்டுகளைப் பாதி தளர்த்திவிட்டு மீண்டும் அப்படியே இறுக்கினால், வெளியே வந்த தண்டு உள்ளே போக மறுத்துச் செயினை அளவுக்கு மீறி இழுக்கும். அதை முழுதாகக் கழற்றி, தண்டை உள்ளே தள்ளி வைத்த பிறகே திரும்ப மாட்ட வேண்டும். கழற்றியிருக்கும் நேரத்தில் கிராங்கைச் சுற்றவே கூடாது. செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

கிராங்கின் குறி உச்சியில் நிற்கும்போது கேம் பற்சக்கரத்தின் குறி நேர்கோட்டிலிருந்து பின்தங்கியிருந்தால் செயின் நீண்டுவிட்டது; டென்ஷனரைச் சரிசெய்வது சிறிது காலத்துக்கு மட்டுமே உதவும்.

பல சிலிண்டர் எஞ்சின்களில் இதே சலசலப்பு முற்றிலும் வேறொரு காரணத்தால் வருவதுண்டு. கார்புரேட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்திசையாமல் இருந்தால், ஐடிலிங்கில் சிலிண்டர்கள் சமமாக இழுக்காமல் கிராங்க் விட்டுவிட்டுச் சுழலும். அந்த உதறல் பிரைமரி செயினையும் (கிராங்கின் சுழற்சியைக் கிளட்ச்சுக்குக் கடத்தும் சங்கிலி) கிளட்ச்சையும் ஆட்டி, எஞ்சினே உடைந்ததுபோன்ற ஒலியை எழுப்பும். வெற்றிட அளவியை மாட்டிக் கார்புரேட்டர்களைச் சரிசெய்த அரை மணி நேரத்தில் காணாமல் போகும் சத்தத்துக்காக எஞ்சினை இறக்கியவர்கள் உண்டு.

கிளட்ச் லீவரைப் பிடித்தால் மாறும் சத்தம்

நியூட்ரலில் கேட்ட சத்தம் லீவரைப் பிடித்ததும் நின்றுவிட்டால், கிளட்ச் கூடையோ அதன் பின்புற அதிர்வுத் தாங்கிகளோ கியர்பாக்ஸின் உள்வரும் ஷாஃப்ட் பேரிங்கோ காரணம். மாறாக, பிடிக்கும்போதுதான் சத்தம் தொடங்குகிறது என்றால் கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கும் தள்ளு பேரிங்கைப் பார்க்க வேண்டும். உலர் கிளட்ச் கொண்ட வண்டிகளில் பிடிக்கும்போது தட்டுகள் கலகலப்பது இயல்பே. கியரில் ஓடும்போது மட்டும், அதுவும் ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் ஊளையிட்டால் அது எஞ்சினைச் சேர்ந்ததே அன்று.

சூட்டில், இழுவையில், கிணுகிணுப்பு

மேட்டில் உயர்ந்த கியரில் ஆக்சிலரேட்டரைத் திருகும்போது கூர்மையான கிணுகிணு ஒலி எழுந்து, திருகலைக் குறைத்ததும் மறைந்தால் அது நாக்கிங். எந்தப் பாகமும் தளரவில்லை. எரிபொருள் கலவை நேரந்தவறி வெடிக்கிறது. ஆனாலும் இதை அலட்சியம் செய்யக் கூடாது. தொடர்ந்தால் பிஸ்டனின் ரிங் வரப்புகள் உடையும், தலையில் ஓட்டையும் விழும்.

பழைய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி எழும் நேரம். பாயின்ட் (திறக்கும்போது தீப்பொறியை எழுப்பும் மின் தொடுப்பு) இடைவெளி கூடினால் அது முன்னதாகத் திறந்து டைமிங்கும் முன்னேறிவிடும். வேகம் கூடும்போது டைமிங்கை முன்னேற்றும் தானியங்கி அட்வான்ஸ் எடைகளின் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தாலும் அதே விளைவு. பிறகு கார்புரேட்டருக்கும் தலைப்பகுதிக்கும் இடையே உள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் அங்கே நுழையும் காற்று கலவையை மெலிய வைத்துச் சூட்டைக் கூட்டும். எரியறையில் படிந்த கரி, தவறான வெப்ப அளவுள்ள பிளக், ஃபின்களுக்கு இடையே அடைந்த சேறும் தடித்த பெயிண்டும் ஆகிய மூன்றும் அடுத்த வரிசையில் வரும்.

பக்கவாட்டுக் கவரிலிருந்து கனத்த தட்டல்

கிராங்கை மாற்ற வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் மேக்னெட் (கிராங்கின் முனையில் மின்சாரம் உண்டாக்கும் காந்தச் சக்கரம்) கவரைத் திறந்து பார்ப்பது கட்டாயம். மேக்னெட்டைப் பிடிக்கும் நட்டு தளர்ந்திருந்தாலோ, சாவித்துண்டு தேய்ந்திருந்தாலோ எழும் தட்டல், பிக் எண்டு (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் முனை) தட்டலோடு குழப்பிக்கொள்ளும் அளவுக்கு ஆழமாக இருக்கும். எதிர்ப் பக்கத்தில் பிரைமரி பற்சக்கரத்தின் நட்டும் அப்படியே. எஞ்சினை இறக்காமலே இரண்டையும் சோதித்துவிட முடியும்.

தொடர்ச்சியான உறுமல், வேகத்தோடு ஏறி, கால்மிதியிலும் கைப்பிடியிலும் அதிர்வாக உணரப்பட்டால் கிராங்கின் முதன்மைப் பேரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. மேக்னெட்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் ஐயமில்லை.

ஆழத்தில் எழும் கனத்த தட்டல்

கிராங்க் வேகத்தில், அடிப்பகுதியிலிருந்து, இழுவை கூடக் கூட வளரும் தட்டலும், சீரான வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரை விடும் அந்த ஒரு கணத்தில் ‘தடதட’வென்று அது பெருகுவதும் பிக் எண்டு பேரிங்கின் அடையாளம். ஆயில் விளக்கும் மினுக்கினால், அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்தி வண்டியை ஏற்றிச் செல்ல வேண்டும்; இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டினால் கனெக்டிங் ராடு உடைந்து எஞ்சின் உடலையே பிளந்துவிடலாம். ஸ்மால் எண்டு (ராடு பிஸ்டனோடு சேரும் முனை) தேய்ந்திருந்தால் ஒலி சற்று மேலிருந்து, மெல்லியதாக, ஐடிலிங்கில் இரட்டைத் தட்டலாகக் கேட்கும்.

பல சிலிண்டர் வண்டியில் எந்தச் சிலிண்டர் என்று அறிய, ஒவ்வொரு பிளக்கின் தீப்பொறியையும் மாறி மாறித் துண்டித்துப் பார்க்கலாம். பழுதான சிலிண்டர் சுமையிலிருந்து விடுபடும்போது பிக் எண்டு தட்டல் வெகுவாகக் குறையும். துண்டிக்கும் வயரில் வேறொரு பிளக்கைச் செருகி, அதை எஞ்சின் உடலோடு சேர்த்து வைக்க வேண்டும். தொங்கவிட்டால் காயிலோ மின்னணு இக்னிஷனோ எரிந்துபோகக்கூடும்.

பிரிக்காமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பிளக்கைக் கழற்றி, பிஸ்டனை ஸ்ட்ரோக்கின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து, துளை வழியே ஒரு மெல்லிய மரக்குச்சியைப் பிஸ்டன் தலையில் நிறுத்த வேண்டும். மேக்னெட் நட்டில் ஸ்பேனர் வைத்துக் கிராங்கைச் சிறிதளவு முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினால், திசை மாறும் கணத்திலேயே குச்சியும் நகர வேண்டும். கிராங்க் நகர்ந்தும் குச்சி ஒரு கணம் சும்மா நின்றால், அந்தத் தாமதம்தான் பேரிங்கில் உள்ள ஆட்டம்.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வும் டைமிங் செயினும் இல்லாததால் பட்டியல் குறுகியது. வெளிப்புறக் காரணங்களை ஒதுக்கிய பின் மிஞ்சுவது பிஸ்டன், ஸ்மால் எண்டின் ஊசிப் பேரிங், கிராங்க் மட்டுமே. அங்கே எல்லாப் பேரிங்குகளும் பெட்ரோலோடு கலந்த ஆயிலை நம்பியிருப்பதால், கலவையின் அளவைச் சரிபார்ப்பதே முதல் வேலை.

சோதனை எதைக் காட்டினாலும், ஆயிலைச் சூடாக வடித்து ஒரு வெள்ளைத் தட்டில் பார்க்காமல் கிராங்கைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. வடிதுளை மூடியின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். காந்தத்தில் ஒட்டும் செதில்கள் ரோலர், பேரிங் வளையம், பற்சக்கரம் ஆகியவற்றிலிருந்து வருபவை. ஒட்டாத வெள்ளி மினுக்கம் அலுமினியம், அதாவது பெரும்பாலும் பிஸ்டன். செம்மஞ்சள் துகள் புஷ்ஷிலிருந்து வருவது. ஃபில்டரையும் அறுத்து விரித்துப் பார்ப்பது நல்லது.

செதில்கள் இருந்து, சிலிண்டரைக் கழற்றிய பின் கனெக்டிங் ராடு நேர் மேலும் கீழுமாக அசைந்தால், கிராங்க் வெளியே வந்தே ஆக வேண்டும். பக்கவாட்டில் அசைவது மட்டும் பழுதன்று. ரோலர் வகைப் பிக் எண்டில் பக்க ஆட்டம் வேண்டுமென்றே விடப்படுகிறது. ரோலர், பின், ராடு மூன்றையும் ஒரே தொகுப்பாக மாற்றி, கிராங்கை நேர்பார்த்துப் பூட்டச் சொல்ல வேண்டும். பழைய பேரிங் உதிர்த்த துகள்கள் கிராங்கின் ஆயில் துளைகளிலும், ஆயில் பம்பிலும், சிலிண்டர் தலைக்குச் செல்லும் குழாயிலும் தங்கியிருக்கும்; அவை அனைத்தையும் பிரித்துக் கழுவிய பிறகே புதிய பேரிங்கை உள்ளே வைக்கலாம்.